எட்டுக் கோடும் கிழக்குக் களமும்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிழக்குக் களத்தை உடைப்பதாக முடிவாகியிருந்தது. உடைக்கச் சொன்னது நான்தான். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அதே களத்தின் ஓரத்தில் குளிரில் நின்றுகொண்டிருந்தபோது, நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்துபோனது.

அப்போது நான் சேலத்தில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. உற்பத்திப் பொறியியல் படித்தவள். ஓர் ஆலையைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே கட்டி ஓடவிட்டு, 'இங்கே ஒரு மெஷின் கூட்டினால் என்ன ஆகும், அங்கே ஓர் ஆளைக் குறைத்தால் என்ன ஆகும்' என்று பார்ப்பதுதான் என் வேலை. சிமுலேஷன் என்பார்கள். நிஜத்தில் ஒரு சீசன் காத்திருந்து தெரிந்துகொள்வதைத் திரையில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். எனக்கு அது சலிக்கவே சலிக்காது. ஓட்டலில் தோசைக்குக் காத்திருக்கும்போதுகூடக் கல் எத்தனை, ஆள் எத்தனை என்று மனசு கணக்குப் போடும்.

சேர்வராயன் மலையில் தலைச்சோலைப் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு காபி ஆலைக்கு என்னை அனுப்பினார்கள். சுற்றுவட்டாரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் பறித்த பழத்தை மூட்டை கட்டி ஜீப்பில் கொண்டுவருவார்கள். பல்ப்பர் என்ற மெஷின் பழத்தின் தோலை உரிக்கும். உரித்த கொட்டை ஒரு ராத்திரி தொட்டியில் ஊறி, அலசி, சிமெண்ட் களத்தில் காயும். காய்ந்ததும் சாக்கில் கட்டிக் கீழே அனுப்புவார்கள். பறித்த பழம் அன்றைக்கே மெஷினுக்குள் போயாக வேண்டும். மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். புளித்த பழத்தின் வாடை கொட்டையில் ஏறி, ஒரு வருஷ உழைப்பு இரண்டாம் தரமாகிவிடும்.

முந்தைய சீசனில், ஜனவரியில், ஆலை வாசலில் ஜீப்கள் வரிசைகட்டி நின்றன. அதனால் இரண்டாவதாக ஒரு பல்ப்பர் வாங்க மேனேஜர் ஆசைப்பட்டார். மலையில் சமதரை என்பது கிடைக்காத பொருள். ஆலையைச் சுற்றி ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். புது மெஷினை வைப்பதென்றால் களத்தில் மூன்றில் ஒரு பங்கை, கிழக்குப் பக்கத்தை, உடைத்துத்தான் அடித்தளம் போட வேண்டும். உடைக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லத்தான் நான்.

டிசம்பரில் பன்னிரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். தினமும் ஸ்கூட்டரில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கையில் ஸ்டாப்வாட்சோடு. மூட்டை இறங்கும் நேரம், தோல் உரியும் நேரம், தொட்டி நிறையும் நேரம். காயும் நேரம் மட்டும் பன்னிரண்டு நாளில் பிடிபடாது. அதற்குக் களத்து மேஸ்திரியக்காவிடம் ஒரு நோட்டு இருந்தது.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளக்கடையிலிருந்து தன் டிவிஎஸ்ஸில் வருவார். அவருக்குக் கீழே பதினான்கு பெண்கள். ஒவ்வொரு நாள் கொட்டையும் களத்தில் தனிப் பாத்தியாகப் பரப்பப்படும். பாத்தித் தலைமாட்டில் ஒரு சிலேட்டு. சாயங்காலம் அக்கா ஒவ்வொரு சிலேட்டாகப் போய் ஒரு கோடு போடுவார். கொட்டையை நறுக்கென்று கடித்துப் பார்த்து, போதும் என்று தோன்றினால் சாக்குக் கட்டச் சொல்லிவிட்டு, மொத்தக் கோட்டை நோட்டில் ஏற்றுவார். நோட்டு முழுக்க எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு, ஏழு. மூன்று சீசனின் நோட்டு. இத்தனை சுத்தமான தரவை நான் வேறு எந்த ஆலையிலும் பார்த்ததில்லை. அப்படியே தட்டச்சு செய்து, கம்ப்யூட்டரில் கட்டிய என் மாதிரி ஆலைக்குள் போட்டேன். நான் இருந்த பன்னிரண்டு நாளும் அக்கா ஒரு சாயங்காலம்கூட விடாமல் கோடு போட்டார். ஒரு நாளுக்கு ஒரு கோடு. என் கண்ணாலேயே பார்த்துச் சரிபார்த்துவிட்டேன் அல்லவா?

மாதிரி என்ன சொன்னது? களம் தாராளம், மெஷின்தான் நெருக்கடி. கிழக்குக் களம் போனாலும் மீதிக் களம் தாங்கும். இரண்டாவது பல்ப்பர் வந்தால் வாசலில் ஜீப் நிற்காது. கமிட்டிக் கூட்டத்தில் திரையில் ஓட்டிக் காட்டினேன். பழ மூட்டைகள் சிவப்புப் புள்ளியாக ஓடி வந்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டாவது மெஷினைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். புள்ளிகள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயின. ஒருவர் கை தட்டினார். நாகலூர்க்காரரான கமிட்டித் தலைவர் மட்டும், "புள்ளி நொம்ப நல்லா ஓடுதுங்க, நம்ம ஜீப் டிரைவருங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். சிரிப்போடு தீர்மானம் நிறைவேறியது. உடைக்கும் ஒப்பந்தக்காரருக்குத் திங்கட்கிழமை நாள் குறித்தார்கள். மெஷினுக்கு ஆர்டர் அன்றைக்கே போவதாக ஏற்பாடு.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அடித்தளம் வரும் இடத்தை அளந்து குறிக்க மேலே போனேன். காலையிலிருந்தே மூட்டம். களத்தின் மேற்குக் கோடியில் நின்றால் கிழக்குக் கோடி தெரியவில்லை. கொட்டையையெல்லாம் அந்தந்தப் பாத்தியிலேயே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பெண்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்து கறுப்புக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குளிரில் வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, இந்த மூட்டத்துல சாயங்காலம் எப்படி ஒவ்வொரு சிலேட்டாத் தேடிப் போயி கோடு போடுவீங்க?"

"இன்னைக்கு என்னத்துக்குக் கண்ணு கோடு? வெயிலே அடிக்கலையே."

"கோடு போட மாட்டீங்களா?"

"காஞ்சாத்தானே கோடு. நேத்தும் போடலே, முந்தாநேத்தும் போடலே." பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "பாரு, சும்மாக் கெடந்ததுக்கும் கூலி போடச் சொல்லுது புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எட்டுக் கோடு என்றால் எட்டு நாள் இல்லை. எட்டு முழு வெயில். நடுவே எத்தனை நாள் மூட்டமிருந்தாலும் நோட்டுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அக்காவுக்கு இல்லை. கொட்டை எத்தனை வெயில் கண்டது என்பதுதான் அவர் வேலை. டிசம்பரில் நான் வந்த பன்னிரண்டு நாளும் வானம் பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான். என் மாதிரிக்குள் சேர்வராயன் மலையில் மூட்டமே கிடையாது.

உடனே பல்ப்பர் கொட்டகைக்கு ஓடினேன். மெஷின் ஓட்டுகிறவரின் பதிவேட்டில் 'மெஷின் நின்றது' என்று நேரத்தோடு நிறைய வரிகள் இருந்தன. அதையெல்லாம் பழுது என்று எடுத்துக்கொண்டுதான் மெஷினுக்கு ஆற்றல் போதாது என்று எழுதியிருந்தேன்.

"அண்ணா, இந்த மெஷின் ஏன் இத்தன தடவ நின்னிருக்குது? என்ன பழுது?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என் மெஷினுக்கு என்னங்க கேடு? கல்லாட்டம் ஓடும். களத்துல எடமில்லைன்னா மேஸ்திரியம்மா அங்கிருந்து கையை ஆட்டும். நான் நிறுத்திருவேன். அலசுன கொட்டைய என் தலையிலயா காயவெக்கிறது?"

களம் நிறைந்ததால் மெஷின் நின்றது; மெஷின் நின்றதால் ஜீப் நின்றது. நான் வாசலில் நின்ற ஜீப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, மெஷினைக் குற்றவாளியாக்கிவிட்டேன். இப்போது களத்திலேயே மூன்றில் ஒரு பங்கை உடைத்து, இன்னொரு மெஷினை வைத்து, இன்னும் வேகமாகக் கொட்டையைக் கொண்டுவந்து கொட்டச் சொல்லியிருக்கிறேன். சீசன் முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுப் பழம் இந்தக் களத்தை நம்பி மரத்தில் சிவந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஆலையின் அலுவலக அறையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் பழம் வந்த தேதி எடை நோட்டில் இருந்தது. சாக்கு வெளியே போன தேதி வண்டிச் சீட்டில் இருந்தது. இரண்டும் மண் ஒட்டிய, ஓரம் கிழிந்த கட்டுகள். தட்டச்சு செய்யச் சிரமம் என்று டிசம்பரில் நான் தொடவே இல்லை. இரண்டையும் பாத்தி எண் வைத்துப் பொருத்திக்கொண்டே போனேன். எட்டுக் கோட்டுப் பாத்திகள் பதினொரு நாள், பதினாறு நாள், ஒன்று பத்தொன்பது நாள் கிடந்திருந்தன. ஞாயிறு மதியம் மாதிரியை மறுபடி ஓட்டினேன். திரையில் இரண்டு மெஷினும் பெரும்பாலான நேரம் சும்மா நின்றன. வாசலில் சிவப்புப் புள்ளிகள் முன்பைவிட அடர்த்தியாகக் குவிந்தன.

மேனேஜருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏம்மா, அப்ப நோட்டுல தப்பா எழுதியிருக்குதுன்னு சொல்லிடலாம். அந்தம்மா தப்பு. உனக்கும் பிரச்சினையில்ல, எனக்கும் பிரச்சினையில்ல" என்றார்.

"நோட்டு சரிதான் சார். நான்தான் தப்பாப் படிச்சேன்."

"அதைக் கமிட்டியில சொன்னா, உன் கம்பெனிய அடுத்த தடவ யாரு கூப்பிடுவா? நானும் உன்னய நம்பித்தானே நாள் குறிச்சேன்?"

"நாளைக்கு எட்டு மணிக்குக் கமிட்டிய வரச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, சிமெண்டை உடைக்கும் கம்ப்ரஸர் வண்டி ஏற்கெனவே களத்தோரம் நின்றுகொண்டிருந்தது. அதற்குமேல் உட்கார்ந்து இரண்டு பேர் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். அலுவலக அறையில் கமிட்டிக்காரர்கள் ஆறு பேர். கதவருகே மேஸ்திரியக்கா, இடுப்பில் நோட்டோடு. மேனேஜர் எதற்காக அவரை வரச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

மடிக்கணினியைத் திறக்காமலே சொன்னேன். போன மாதம் காட்டியது தப்பு, கோட்டை நாள் என்று எண்ணிவிட்டேன், நோட்டில் ஒரு பிழையும் இல்லை, களத்தை உடைக்கக் கூடாது.

தலைவர் மெதுவாகத்தான் பேசினார். "ஏனுங்க, போன மாசம் இதே பொட்டியத் தொறந்து இதே ஊருக்கு மெஷினு வேணும்னீங்க. இன்னைக்கு வேண்டாங்கறீங்க. அடுத்த மாசம் என்ன சொல்லுவீங்கன்னு அதுலயே பாத்துச் சொல்லீருங்களேன்."

யாரும் சிரிக்கவில்லை. "காயவெக்கற எடத்தக் கூட்டோணும்ங்க. கிழக்குப் பக்கம் கம்பிவலைப் பரண் அடுக்கடுக்காப் போட்டா..." என்று தொடங்கினேன்.

"அதும் பொட்டி சொல்றதுதானே?"

அக்கா கதவருகிலிருந்து சொன்னார்: "மூட்டம் போட்டா களம் பத்தாதுன்னு நான் வருசா வருசம் கத்திக்கிட்டுத்தான் இருக்கறேனுங்க."

"நீ எல்லாத்துக்குமே கத்துவியே ஆத்தா" என்றார் ஒரு கமிட்டிக்காரர்.

அவர்கள் நம்பாதது நியாயம்தான். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அப்போதுதான் அது தோன்றியது; தோன்றிய வேகத்திலேயே சொல்லியும்விட்டேன். "உடைக்க வேண்டாம். கிழக்குக் களத்தைக் கயிறு கட்டி அடைச்சிருங்க, உடைஞ்சு போன மாதிரி. நாலு நாள் பாருங்க. ரெண்டு நாள் மூட்டம் போட்டா, ரெண்டாவது நாள் மதியத்துக்கு மேல இருக்கற ஒரே மெஷினே நின்னுரும். நிக்கலேன்னா வெள்ளிக்கிழமை நீங்களே உடைச்சிருங்க. நின்னா, நின்ன நிமிசமே கயித்த அவுத்தரலாம்."

மேனேஜர் என்னை வெறித்துப் பார்த்தார். தலைவர் தாடையைச் சொறிந்தார். வியாழன்வரை என்று முடிவாயிற்று. கம்ப்ரஸர்காரர் தன் வண்டியைக் கீழே கொண்டுபோய் மறுபடி ஏற்ற மாட்டேன் என்றதால் அது அங்கேயே நின்றது.

வெளியே வந்ததும் அக்கா என்மேல் பாய்ந்தார். "என் களத்தக் கட்டிப் போட்டு உம்பட பரிச்சைய எழுதறயா? மெஷினு நின்னா அந்தப் பழத்துக்காரனுக்கு நீயா பதில் சொல்லுவ?"

"நான்தான் சொல்லுவேன்க்கா."

"கிழிச்ச" என்றார். ஆனால் கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினார். கிழக்கில் கிடந்த பாத்திகளை மேற்கே தள்ளி நெருக்கிப் போட்டார்கள். பதினான்கு பெண்களும் என்னைப் பார்க்காமலே வேலை செய்தார்கள்.

திங்களன்று வெயில். செவ்வாயன்றும் வெயில், கண் கூசும் வெயில். கொட்டை சலசலவென்று காய்ந்தது. இரண்டு பாத்தி சாக்குக்குப் போய் இடம்கூட மிச்சமானது. சாயங்காலம் மேனேஜர் கயிற்றோரம் வந்து நின்று, "கயிறு கட்டியும் நல்லாத்தானேம்மா ஓடுது?" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டம் போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அப்படி வேண்டுவது என்றால் யாரோ ஒருவரின் பழம் வாசலில் நிற்க வேண்டும் என்று வேண்டுவதுதான் என்று தெரிந்தே வேண்டினேன்.

புதன் காலை வளைவு ஏறும்போதே ஸ்கூட்டர் விளக்கைப் போட வேண்டியிருந்தது. மேலே களம் முழுக்க வெள்ளை. தார்ப்பாயை எடுக்கவே இல்லை. அன்று வந்த பழம் எப்படியோ உள்ளே போய்விட்டது. அலசிய கொட்டையைக் கடைசி மூலைவரை பரப்பினார்கள். வியாழனும் அப்படியே விடிந்தது. பத்து மணிக்கு அக்கா பாத்திகளுக்கு நடுவே நடக்கும் தடத்தையும் மூடினார். பன்னிரண்டு மணிக்குக் கொட்டகை வாசலில் சாக்கு விரித்துப் பரப்பினார்.

இரண்டு மணி தாண்டி முதல் ஜீப் வந்தது. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. மெஷின் சத்தம் மூட்டத்துக்குள் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டே முக்காலுக்கு அக்கா களத்திலிருந்து கையை உயர்த்தி ஆட்டினார். சத்தம் நின்றது.

வரிசையில் இரண்டாவது ஜீப்பிலிருந்து தலைவர் இறங்கினார். அது அவருடைய தோட்டத்துப் பழம். நின்றுபோன மெஷினைப் பார்த்தார், நெருக்கமாகக் கிடந்த தார்ப்பாய்களைப் பார்த்தார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த சிமெண்ட் தரையைப் பார்த்தார். பின்னாலிருந்த டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஏனப்பா, அடிச்சா மெஷினு ஓடீருமா?" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, அக்காவிடம் திரும்பினார். "அவுத்து உடுங்க."

அக்கா முடிச்சோடு மல்லுக்கட்டவில்லை. இடுப்பிலிருந்த சூரிக் கத்தியால் ஒரே வீச்சில் அறுத்தார். பெண்கள் ஈரக் கொட்டையைக் கூடைகூடையாகக் கிழக்கே கொண்டு ஓடினார்கள். மேனேஜர் கம்ப்ரஸர்காரரிடம் போய்ச் சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஜீப்கள் இன்னும் நகரவில்லை. தலைவர் பக்கத்தில் வந்தார்.

"சொன்ன மாதிரியே நின்னுருச்சு. சந்தோசமா?"

"இல்லீங்க."

"பரணு எத்தன வேணும்னு உம்பட பொட்டியில பாத்து நாளைக்குச் சொல்லோணும். கூட அந்தம்மாவயும் உக்காத்தி வெச்சுக்கோ." ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். "இப்ப அந்த முனையப் புடி சாமி."

மூட்டையின் முனையைப் பிடித்துத் தூக்கினேன். சாக்குக்குள் பழம் சூடாகத் தொடங்கியிருந்தது.